தண்டையார்பேட்டை முதல் திருச்செந்தூர் வரை, பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

"திருச்செந்தூர் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு தண்டையார்பேட்டையிலிருந்து காரில் போகிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. மாமியாரும் வருகிறார். போனைக் கொடுத்தால் சின்னவள் வாந்தி எடுக்கிறாள். பிடுங்கினால் இரண்டும் அடித்துக்கொள்கின்றன. அவ்வளவு தூரம் எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வண்ணாரப்பேட்டையில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன் நான். கோயில், காதுகுத்து, கல்யாணம் என்று குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போவதுதான் தொழில். நம்ம பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிற பாதிப் பேருக்கு ஊர் திருநெல்வேலி, தூத்துக்குடிதான். அதனால் நீங்கள் சொல்கிற வழி எனக்குப் பழக்கம். பின்சீட்டில் பிள்ளைகள் என்ன பாடு படுகிறார்கள் என்பதையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன்.

முதலில் அந்த வாந்தியை முடிப்போம். அது சரியாகாமல் எந்த விளையாட்டும் எடுபடாது. வண்டி ஓடுவதை உள்காது உணர்கிறது. கண்ணோ அசையாத போனையோ புத்தகத்தையோ பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு சேதி சொல்வதால் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. 2 வயதுக்குக் கீழே இது அபூர்வம். அதற்கு மேல் 12 வயதுவரை அதிகம். ஆகவே உங்கள் மகள் அடம்பிடிக்கவில்லை, அவள் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கண் ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் இருக்க வேண்டும். குழந்தை தாழ்வாக உட்கார்ந்தால் முன்சீட்டின் முதுகுதான் தெரியும், வெளியே எதுவும் தெரியாது. குழந்தைகளுக்கான தனி இருக்கை போட்டு வார் கட்டி உட்கார வைத்தால் உயரம் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். அபராதத்தை விடுங்கள். ஒரு திடீர் பிரேக்கில் மடியில் இருக்கிற குழந்தையை எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். காற்றுப்பை விரிந்தால் அந்த வேகமே குழந்தைக்கு ஆபத்து.

கிளம்புவதற்கு முன் பூரி, பரோட்டா, எண்ணெய்ப் பண்டம் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி, கொஞ்சம் பொடி போதும். ஏசி ஓடினாலும் அவ்வப்போது ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வெளிக்காற்று விடுங்கள். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும், முகர்ந்தால் சில பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கிறது. மருந்து வேண்டுமென்றால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவு மட்டும். பெரியவர்கள் பஸ்ஸில் போடுகிற மாத்திரையை உடைத்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். மாற்றுத் துணியையும் இரண்டு பிளாஸ்டிக் கவரையும் டிக்கியில் போட்டு மூடிவிடாமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

எப்போது கிளம்புவது என்பதுதான் வடசென்னைக்காரர்களின் தனிக் கவலை. தெற்கே இருப்பவர்கள் தாம்பரத்தைத் தாண்டினால் பயணம் ஆரம்பம். நமக்கு ஊரை விட்டு வெளியேறுவதே ஒரு பயணம். மூலக்கடை, மாதவரம், புழல் வந்து பைபாஸ் பிடித்து, மதுரவாயல் வழியாகப் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்குவது நல்ல வழி. பைபாஸ் மட்டுமே 32 கிலோமீட்டர். காலை 4 மணிக்கு வண்டியை எடுத்தால் பிள்ளைகள் தூக்கத்திலேயே இதையெல்லாம் கடந்துவிடுவார்கள். விடியும்போது செங்கல்பட்டு தாண்டியிருப்பீர்கள். திண்டிவனமோ விக்கிரவாண்டியோ வந்ததும் பல் விளக்கி, டிபன் முடித்து, புதிதாகத் தொடங்கலாம். ஓட்டுகிறவர் முந்தின இரவு ஒன்பது மணிக்கே படுத்திருக்க வேண்டும், அது முடியாதென்றால் 6 மணிக்கே கிளம்புங்கள்.

அப்படி வெளிச்சத்தில் கிளம்பினால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும். சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் போகிற வண்டிகள் நம்ம ரோட்டில்தானே நிற்கின்றன. பெரியவர்கள் திட்டிக்கொண்டிருக்கிற அந்த நேரம் பிள்ளைகளுக்கு முதல் விளையாட்டு. பெட்டியின் பின்கதவைப் பாருங்கள். வலது கதவின் மேல் பக்கம் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு எண்களும் இருக்கும். முதல் மூன்று எழுத்து பெட்டியின் சொந்தக்காரர் யார் என்று சொல்கிறது. நான்காவது எழுத்து சரக்குப் பெட்டி என்றால் யூ. யூ இல்லாத பெட்டியைக் கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசு என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் மகன் கண்ணை எடுக்கமாட்டான். ஏழாவது எண்ணைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் போட்டிருப்பார்கள். எழுத்தையும் எண்ணையும் யாராவது தப்பாகக் குறித்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காகக் கணக்குப் போட்டு வைத்த எண் அது. அதன் கீழே இன்னொரு குறியீடு. அது 2-ல் தொடங்கினால் பெட்டி 20 அடி, 4-ல் தொடங்கினால் 40 அடி. பையன் முதலில் கண்ணால் நீளத்தை மதித்துச் சொல்லட்டும், அப்புறம் குறியீட்டைப் படித்துச் சரிபார்க்கட்டும்.

சின்னவளுக்கு எழுத்து வேண்டாம், நிறம் போதும். பச்சை எவர்கிரீன், ஆரஞ்சு ஹபாக் லாய்டு, அடர் ரோஸ் நிறத்தில் ஒன் என்ற கம்பெனி, சாம்பல் பெட்டியில் நீலக் கட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம் என்றால் மெர்ஸ்க். நட்சத்திரப் பெட்டி அவளுடையது என்று சொல்லிவிடுங்கள். அண்ணன் அதைப் பார்த்தாலும் எண்ணக்கூடாது. பாட்டி கணக்கு வைத்துக்கொள்ளட்டும். இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும், எந்தக் கடலைத் தாண்டி வந்திருக்கும் என்று கேட்டால் இருவருமே கதை விடுவார்கள். கண் வெளியே இருப்பதால் வயிறும் புரட்டாது.

பிள்ளைகளை உட்கார வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டே போக யாராலும் முடியாது. அரை மணியில் நமக்கு அலுத்துவிடும், அவர்களுக்கு அதற்கும் முன்னால் அலுத்துவிடும். வண்டிக்குள் அவர்களுக்கென்று ஒரு பொறுப்பு இருந்தால் பொழுது தானாகப் போகிறது. நாங்கள் டிரிப் ஷீட் எழுதுவோம்: கிளம்பிய நேரம், கிலோமீட்டர், நின்ற இடம், டோல் எவ்வளவு. உங்கள் மகனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுத்து டிரிப் ஷீட் அவன் பொறுப்பு என்று சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, வண்டி நின்றால்தான் எழுத வேண்டும். ஓடும்போது குனிந்து எழுதினால் அவனுக்கும் தலை சுற்றும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு டோலிலும் பிடித்த பணம் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ குறுஞ்செய்தியாக வரும். அதை நீங்கள் படித்துச் சொல்லுங்கள், அடுத்த ஸ்டாப்பில் அவன் எழுதிக்கொள்ளட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் மொத்தம் போடுவான். பெரியவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நீங்கள் பார்க்கவில்லை என்றால் திரும்பி வரும்போது அவன் எழுதமாட்டான்.

சின்னவளுக்கு ஊர்ப் பட்டை. அகலமில்லாத நீளமான அட்டையில் மேலிருந்து கீழே ஊர்ப்பெயர்களை எழுதுங்கள்: மாதவரம், பெருங்களத்தூர், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர், அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர். பக்கத்தில் படம் வரைந்தால் அவளுக்குப் படிக்கத் தெரியாதது தடையில்லை. திருச்சிக்கு மலைக்கோட்டை, விராலிமலைக்கு மயில், தூத்துக்குடிக்கு உப்புக் குவியல், திருச்செந்தூருக்கு வேல். முன்சீட்டின் முதுகில் அதைக் கட்டி ஒரு துணி கிளிப்பை மாட்டிவிடுங்கள். ஊர் வந்ததும் கிளிப்பை இறக்குவது அவள் வேலை. அவள் கைக்கு எட்டவில்லை என்றால் பாட்டி இறக்கலாம், ஆனால் அவள் சொன்ன பிறகுதான். "எப்போ வரும், எப்போ வரும்" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை. நாலு வயதுக்கு "இன்னும் ஆறு மணி நேரம்" என்றால் ஒன்றும் புரியாது. "மயிலுக்கு அப்புறம் அஞ்சு படம்" என்றால் புரியும்.

உட்காரும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்சீட்டில் பாட்டி நடுவில், பிள்ளைகள் ஆளுக்கொரு ஜன்னல். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது. சின்னவள் இடது பக்கம் இருக்கட்டும், நிறுத்தும்போது ரோட்டோரமாக இறக்குவது அந்தக் கதவில்தான். தெற்கே போகும்போது காலை வெயிலும் இடது பக்கம்தான் வரும், அவளுக்கு ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் வெயில் அண்ணன் பக்கம் போய்விடும். இருவருக்கும் தனித்தனி மஞ்சப்பை. அவரவர் பொருளை அவரவரே அடுக்கட்டும். கனமான, கூர்மையான பொம்மை வேண்டாம், பிரேக் போட்டால் பறந்து வந்து அடிக்கும். மெழுகு கிரேயானும் வேண்டாம், வெயிலில் நிறுத்திய வண்டியில் உருகி சீட்டெல்லாம் ஈஷிவிடும்.

விழுப்புரம் தாண்டினால் ரோடு நேராக, ஒரே மாதிரி ஓடும். இங்கேதான் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும். மூன்று விளையாட்டு கைவசம் இருக்கட்டும்.

நம்பர் பிளேட் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நம்ம ஊர் எண்களோடு விளையாடினால் பூகோளமும் வந்துவிடும். டி.என். 03 உங்கள் தண்டையார்பேட்டை. 18 செங்குன்றம், 19 செங்கல்பட்டு, 32 விழுப்புரம், 45 திருச்சி, 59 மதுரை, 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி. 28 என்றால் நாமக்கல், லாரியிலும் டேங்கரிலும் அதிகம் பார்ப்பீர்கள். போகப் போக எந்த எண் குறைகிறது, எந்த எண் கூடுகிறது என்று பையனைக் கவனிக்கச் சொல்லுங்கள். 03 போட்ட வண்டியைத் திருச்சிக்கு அப்பால் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி கத்துவான். சின்னவளுக்கு ஒத்தையா ரெட்டையா. அடுத்து வருகிற லாரியின் கடைசி எண் ஒத்தையா, ரெட்டையா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். புளியங்கொட்டையை வைத்து ஆடிய அதே ஆட்டம், பாட்டிக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

இரண்டாவது, கிலோமீட்டர் கல். மேலே மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஒரு கல்லிலிருந்து அடுத்த கிலோமீட்டர் கல்லுக்கு எத்தனை நொடி என்று பையன் கைக்கடிகாரத்தில் பார்க்கட்டும். 3,600-ஐ அந்த நொடியால் வகுத்தால் வண்டியின் வேகம். 45 நொடி என்றால் 80, 40 என்றால் 90, 36 என்றால் 100. நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் வரும், அதில் ஏமாறக் கூடாது. அப்பா வேகமாகப் போனால் கண்டிக்கிற அதிகாரத்தையும் அவனுக்கே கொடுங்கள். இதனால் பல அப்பாக்கள் வேகத்தைக் குறைத்ததை நான் அறிவேன்.

மூன்றாவது, ஆறு. எனக்குப் பிடித்தது இதுதான். செங்கல்பட்டு தாண்டிப் பாலாறு, விழுப்புரத்துக்கு அப்புறம் தென்பெண்ணை, பெரம்பலூருக்கு முன்னால் வெள்ளாறு, திருச்சியில் கொள்ளிடமும் காவிரியும், மதுரையில் வைகை, தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே தாமிரபரணி. தமிழ்நாட்டின் பெரிய ஆறுகளில் பாதியை ஒரே நாளில் தாண்டுகிறீர்கள். ஒவ்வொரு பாலம் வரும் முன்னும் தண்ணீர் இருக்குமா, மணல் மட்டும்தானா என்று இருவரும் சொல்ல வேண்டும். பாலம் வந்ததும் பதில் தெரிந்துவிடும். திருச்சிப் பாலத்தில் மலைக்கோட்டையை முதலில் பார்க்கிறவருக்கு இரண்டு மதிப்பெண். ஓட்டுகிறவரை நடுவராக்காதீர்கள், அவர் பாலத்தைப் பார்த்தால் ரோட்டை யார் பார்ப்பது?

இதெல்லாம் ஓய்ந்து பிள்ளைகள் சிணுங்கும்போது பாட்டியை விட்டுவிடுங்கள். "அடித்தாலும் அழமாட்டான், உதைத்தாலும் அழமாட்டான், யார்?" என்று ஒரு விடுகதை. பந்து என்று சொல்லத் தெரியாமல் சின்னவள் அண்ணன் பேரைச் சொல்வாள். "ஓடுற நரியில ஒரு நரி சிறுநரி, சிறுநரி முதுகிலே ஒரு பிடி நரைமயிர்" என்பதை மூச்சு விடாமல் மூன்று தடவை சொல்லச் சொன்னால் பெரியவர்களுக்கே நாக்கு புரளும். அப்பாவின் சின்ன வயதுக் குறும்புகளைப் பாட்டி சொல்ல ஆரம்பித்தால் இரண்டு டோல் தாண்டிவிடும். ஒரு வேண்டுகோள்: பாட்டி சொல்லும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள். சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வயதானவர்கள் களைத்துவிடுகிறார்கள்.

போனைப் பற்றி என் கருத்து, அதைக் காதுக்குக் கொடுங்கள், கண்ணுக்குக் கொடுக்காதீர்கள். பாட்டும் கதையும் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், வழியில் சில இடங்களில் சிக்னல் இருக்காது. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன்னால் உட்காரக் கூடாது, அதுவும் குறைந்தால் நல்லது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பெரியவனுக்கு மதியம் அரை மணி நேரம் படம் பார்க்கக் கொடுக்கலாம், அது சின்னவள் தூங்கும் நேரமாக இருக்கட்டும். கொடுப்பது என்று முடிவு செய்தால் நீங்களாகவே கொடுங்கள். அழுததும் கொடுத்தால் அடுத்த டோலுக்குள் மறுபடி அழுகை வரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். நிறுத்துவதென்றால் ஹோட்டலில் உட்கார வைத்து மறுபடி உட்கார வைப்பதல்ல. பத்து நிமிடமாவது ஓட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடாதீர்கள், மதில் உள்ள ஹோட்டல் வளாகமோ கோயில் வெளியோ பாருங்கள். நேரம் இருந்தால் பெரம்பலூர் பக்கம் கிழக்கே உள்ளே போய் சாத்தனூர் கல்மரத்தைக் காட்டுங்கள். கடல் இருந்த காலத்தில் விழுந்து கல்லாகிப்போன மரம், 18 மீட்டர் நீளம், வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகத்துக்குச் சொன்னார். ஒன்பது வயதுப் பையனுக்கு அது போதும், ஊர் வரும்வரை கேள்வி கேட்பான். விராலிமலையில் மயில். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. முடிந்தால் திருச்சியில் இரவு தங்கிவிடுங்கள். 650 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டுவது பிள்ளைகளுக்கும் சரியில்லை, ஓட்டுகிறவருக்கும் சரியில்லை.

தின்பண்டத்தில் நான் கண்டது, மெல்ல நேரமெடுக்கும் பண்டம்தான் வண்டிக்கு நல்லது. முறுக்கு, தட்டை, பொரி, கொய்யாத் துண்டு. நாலு வயதுக்கு முழு வேர்க்கடலை, ஜெல்லி, குச்சி மிட்டாய் மூன்றும் ஓடும் வண்டியில் கூடாது. ஒரு குலுக்கலில் தொண்டையில் சிக்கிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். டீ குடிக்கவோ பாத்ரூம் போகவோ இறங்கும்போது, தூங்குகிறது என்று பிள்ளையை வண்டியில் விட்டுப் போகாதீர்கள். ஏசி நின்ற வண்டிக்குள் பத்து நிமிடத்தில் 10 டிகிரி வரை சூடு ஏறும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவராவது கூடவே இருங்கள், அல்லது தூக்கிக்கொண்டு இறங்குங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய் வாருங்கள். மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். அவர்கள் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள், பையன் விடமாட்டான். குளிர்காலம் என்றால் ஏரியில் பூநாரைகள் நிற்கும். படகில் மட்டும் ஏற வேண்டாம், 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி அது. அந்தச் சின்னப் பயணத்தில் தனி இருக்கையில் மகள் உட்காருகிறாளா, எந்த நேரத்தில் வயிறு புரட்டுகிறது, எந்த விளையாட்டு எடுபடுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அங்கே சரிப்படாததைத் திருச்செந்தூர் வழியில் முயற்சி செய்யாதீர்கள்.

திரும்பி வரும்போது ஊர்ப் பட்டையைத் தலைகீழாகக் கட்டி, கிளிப்பை திருச்செந்தூரில் மாட்டிவிடுங்கள். உடன்குடி கருப்பட்டி வாங்கினால் டிக்கியில் வையுங்கள், பின்சீட்டில் வைத்தால் விழுப்புரம் வருவதற்குள் இரண்டு கையும் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி ஓட்டிக் காலையில் வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலை 6 மணிக்குக் கிளம்பி, திருச்சியில் மதியச் சாப்பாடு, மாலையில் விக்கிரவாண்டியில் காபி, இருட்டிய பிறகு பைபாஸ். அந்த நேரம் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், பெல்ட் கழன்றிருக்கிறதா என்று மட்டும் புழல் வரும்வரை பார்த்துக்கொண்டே வாருங்கள்.